குடும்ப ஆல்பத்தில் எழுதுவது: என்ன எழுத, எதால் எழுத, எங்கே எழுத

குடும்ப ஆல்பம் செய்ய உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் படத்தை ஒட்டி, ஓரத்துக்கு லேஸ் வைத்து, மூலையில் பூ ஸ்டிக்கர் பதித்து முடித்த பிறகுதான் எழுத இடம் தேடுகிறார்கள். மிஞ்சுவது விரற்கடை அகல இடம். அதில் என்ன எழுத முடியும்? "பாட்டி வீட்டில் இனிய நாள்." எந்தப் பாட்டி, எந்த ஊர், எந்த வருடம் என்று பின்னால் புரட்டிப் பார்க்கிற பேத்திக்கு அந்த வரி ஒன்றும் சொல்லாது.

வேலையின் வரிசையை மாற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். முதலில் எழுத்து, அந்த எழுத்து கொள்கிற அளவுக்கு ஒரு அட்டை, பிறகு படங்கள், மிச்சமிருந்தால் அலங்காரம். படங்களையும் குறிப்புகளையும் ஒட்டி அலங்கரிக்கும் இன்றைய ஸ்கிராப்புக் பழக்கத்தின் வேரே எழுத்தில்தான் இருக்கிறது. 1980களில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், வம்சாவளியைத் தேடிப் பதிவு செய்யும் வழக்கமுள்ள மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்களிடையே பிடித்த பொழுதுபோக்கு இது. படத்தோடு கூடவே எழுதிவைப்பதை அவர்கள் 'ஜர்னலிங்' என்றார்கள். இன்று கடைகளில் அந்த எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கிறது.

எதை எழுதுவது

படத்தில் கண்ணுக்குத் தெரிவதைத் திரும்ப எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம். குழந்தை சிரிப்பது தெரிகிறது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதுதான் தெரியாது. 'மறக்க முடியாத தருணம்' போன்ற வரிகள் எந்தப் படத்துக்கு அடியில் போட்டாலும் பொருந்தும். எதற்கும் பொருந்துகிற வரி எதற்கும் உதவாது. அதை அடித்துவிடலாம்.

கறுப்பு வெள்ளைப் படமென்றால் நிறத்திலிருந்து தொடங்குங்கள். கல்யாணப் புடவை அரக்கா, மாம்பழ மஞ்சளா, கிளிப்பச்சையா என்பது அந்தப் புடவையைக் கட்டியவருக்கும் கூட நின்றவர்களுக்கும் மட்டுமே தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டிய விஷயம் இது. 1970, 80களின் கலர் பிரிண்ட்களையும் நம்ப முடியாது. அந்தக் கால பிரிண்ட்கள் பலவற்றில், இருட்டில் வைத்திருந்தாலும், நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிப் படம் முழுக்கச் செம்மை ஏறிவிடும். பச்சைப் புடவை பழுப்பாகத் தெரியும். 'புடவை பச்சை' என்று இரண்டு சொல் எழுதிவைத்தால், ஸ்கேன் செய்து நிறத்தைச் சரிசெய்கிறவருக்கும் அது வழிகாட்டும்.

அடுத்தது, சட்டத்துக்கு வெளியே இருந்தவை. படம் எடுத்தது யார்? அவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார், ஆனால் எல்லா இடத்திலும் இருந்திருப்பார். கேமரா யாருடையது? படம் எடுத்த கையோடு எங்கே போனார்கள்? கதவுக்குப் பின்னால் தெரியும் பாதி உருவம் யார்? படத்திலிருக்கும் வீடு இப்போது இருக்கிறதா?

பெரியவர்களிடம் 'அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்க' என்று கேட்டால் 'என்னத்தச் சொல்றது' என்றுதான் பதில் வரும். படத்தை நல்ல வெளிச்சத்தில் கையில் கொடுத்து ஏதாவது ஒரு பொருளைச் சுட்டிக் கேட்க வேண்டும். "இந்த அண்டா யார் வீட்டுது?" "இந்தச் சட்டை எங்க தெச்சது?" அண்டாவில் தொடங்கினால் அண்டா கொடுத்தவர், அவர் மகள் கல்யாணம், அங்கே நடந்த சண்டை என்று தானாக வரும். செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எழுதிக்கொண்டே கேட்டால் பேச்சு நின்றுவிடும். பிறகு கேட்டு எழுதும்போது அவர்கள் சொன்ன ஒரு வாக்கியத்தையாவது பேச்சு வழக்கிலேயே விட்டுவையுங்கள். 'அப்பத்தா மிகவும் கோபமடைந்தார்' என்று திருத்தி எழுதினால் அப்பத்தா காணாமல் போய்விடுவார்.

கற்பனையாக ஒரு குறிப்பைப் பார்ப்போம்:

"1967 மாட்டுப் பொங்கல். திருவாரூர் வீட்டுக் கொல்லை. கிணற்றடியில் நிற்பவர் சரோஜா அத்தை (அப்பாவின் அக்கா). கட்டியிருப்பது மாம்பழ நிறச் சுங்குடி. கையில் தெரியும் கறை நீல வர்ணம். அப்போதுதான் மாட்டுக்குக் கொம்பு தீட்டிவிட்டு வந்தார். படம் எடுத்தது சித்தப்பா, இரவல் கேமராவில். இந்தக் கிணற்றைப் பிறகு மூடிவிட்டார்கள்."

நாற்பது சொல்லுக்குள் அடங்கிவிட்டது. பொங்கல் என்பதோ, நிறமோ, கறை எப்படி வந்தது என்பதோ, கேமரா இரவல் என்பதோ படத்தைப் பார்த்து ஊகிக்க முடியாதவை. பாசம், ஏக்கம் என்று ஒரு சொல்கூட இல்லை. படிக்கிறவருக்கு அது தானாக வரும்.

உறவுமுறையில் வரும் சிக்கல்

நம் வீட்டு ஆல்பங்களில் அதிகம் தென்படும் பிழை, உறவுச் சொல்லை மட்டும் எழுதி நிறுத்திவிடுவது. 'பெரியப்பாவும் அத்தையும், ஊட்டி.' எழுதியவருக்குப் பெரியப்பா. எழுதியவரின் பிள்ளைக்குத் தாத்தா. அத்தை மகனுக்கு மாமா. எழுதியது யார் என்று தெரியாத ஆல்பத்தில் இந்தச் சொற்களுக்கு நங்கூரம் கிடையாது. பெயரை மட்டும் எழுதினாலும் ஆகாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பங்களில் ஒரே பெயரில் இரண்டு, மூன்று பேர் இருப்பார்கள். பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு முதலெழுத்து மாறியிருக்கும். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், வீட்டில் 'பாப்பா'. அந்தப் பாப்பாவுக்கு எழுபது வயது.

ஆல்பத்துக்கு ஒரு நடுப்புள்ளியை வைத்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவரோ, ஆல்பம் யாருக்காகச் செய்யப்படுகிறதோ அந்தக் குழந்தையோ, யாராவது ஒருவர். முதல் பக்கத்திலேயே, 'இதில் வரும் உறவுமுறைகள் எல்லாம் இன்னார் கூப்பிடும் முறைப்படி' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அதே பக்கத்தின் பின்புறம் பெயர்ப்பட்டியல்: முழுப்பெயர், வீட்டுப்பெயர், பிறந்த வருடம், அப்பா அம்மா பெயர். ஐம்பது பேர் இருந்தாலும் இரண்டு பக்கத்தில் அடங்கும். அதன்பிறகு உள்ளே 'சரோஜா அத்தை' என்று எழுதினால் போதும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் பிறந்த வருடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஊர்ப்பெயரை அன்று சொன்னபடி எழுதி, இன்றைய பெயரையும் போடுங்கள்: மாயவரம், இன்று மயிலாடுதுறை. பழைய கடித முகவரியில் தென் ஆற்காடு ஜில்லா என்றிருந்தால் அதை அப்படியே விட்டு, இப்போது எந்த மாவட்டம் என்று சேர்க்கவும். தெருப்பெயர் கிடைத்தால் விடவே கூடாது. வீடு போனாலும் தெருவைக் கண்டுபிடித்துவிடலாம்.

தேதி

பழைய கல்யாணப் பத்திரிகைதான் கையிலிருக்கும் சிறந்த ஆதாரம். ஆனால் சிலவற்றில் தமிழ் வருடமும் மாதமும் மட்டும் இருக்கும். அறுபது வருடச் சுழற்சி என்பதால், எந்தச் சுற்று என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குரோதி வருடம் 1964 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1965 ஏப்ரல் நடுவில் முடிந்தது. அடுத்த குரோதி 2024 ஏப்ரலில் வந்தது. அடிக்கடி தவறுவது தை, மாசி, பங்குனி மாதங்களில்தான். குரோதி என்றால் 1964 என்று மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். குரோதி வருடம் தை மாதம் என்பது 1965 ஜனவரி, பிப்ரவரி. பத்திரிகையில் கிழமையும் இருக்கும். நாட்காட்டியில் அந்தத் தேதியின் கிழமை ஒத்துவருகிறதா என்று பார்த்தால் உறுதியாகிவிடும்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களின் தேதியை நம்ப வேண்டாம். படம் எடுத்த நாள், இடம் போன்ற உள்விவரங்களை வாட்ஸ்அப் அனுப்பும்போதே கழற்றிவிடும். 'ஐஎம்ஜி-20190412-டபிள்யூஏ' என்று தொடங்கும் கோப்புப் பெயரில் இருப்பது உங்கள் போனுக்கு அது வந்த நாள். அக்கா பழைய ஆல்பத்தைப் படமெடுத்து அனுப்பினாலும் அந்தத் தேதிதான் விழும். எடுத்தவரிடம் மூலக்கோப்பை 'டாகுமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

தேதி சரியாகத் தெரியாதபோது 'சுமார் 1967' என்று எழுதி, எதை வைத்து அப்படிச் சொல்கிறோம் என்பதையும் சேர்க்க வேண்டும். பின்புறத்து ஸ்டுடியோ முத்திரை, கைக்குழந்தையின் வயது, 'சித்தி சொன்னது' என்று எதுவானாலும் சரி. வெள்ளை ஓரத்தோடு சின்னச் சதுரமாக இருக்கும் பிரிண்ட் பெரும்பாலும் 120 ஃபிலிம் போடும் கேமராவில் எடுத்தது, 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தது நீள்சதுரமாக இருக்கும். இது வருடத்தைச் சொல்லாது, எந்தக் கேமரா என்பதற்குத் துப்புக் கொடுக்கும்.

குரூப் போட்டோவுக்கு

முப்பது பேர் நிற்கும் கல்யாண குரூப் போட்டோவுக்கு 'இடமிருந்து வலம்' என்று நீளமாக எழுதிக்கொண்டே போனால், யாராவது இரண்டு வரிசைக்கு நடுவில் தலையை நீட்டியிருப்பார்; அங்கேயே குழப்பம் தொடங்கும். படத்தை ஜெராக்ஸ் எடுத்து, அதன்மேல் டிரேசிங் பேப்பரை வைத்துத் தலை, தோள் கோடுகளை மட்டும் வரையுங்கள். மூலப் படத்தின் மேல் வைத்து வரையவே கூடாது, பேனா முனையின் தடம் படத்தில் பதிந்துவிடும். ஒவ்வொரு தலைக்குள்ளும் ஓர் எண். கீழே எண்வரிசையில் பெயர்கள். தெரியாதவருக்கும் எண் கொடுத்துப் பெயர் இடத்தைக் காலியாக விடவும். அடுத்த கல்யாணத்தில் ஆல்பத்தை யாராவது புரட்டும்போது, 'அட, இது நம்ம சமையல்காரர் ஐயா' என்று ஒருவர் சொல்லுவார். அப்போது நிரப்பலாம்.

எழுத எவ்வளவு இடம்

தமிழ் எழுத்துக்கு மேலே கொக்கியும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் வருவதால் ஆங்கிலத்துக்குப் போடும் 6 மி.மீ. கோட்டில் நெருக்கியடிக்கும். 8 மி.மீ. இடைவெளி வேண்டும். கையெழுத்துப் பெரிதென்றால் 9. நான்குக்கு ஆறு அங்குல அட்டை (சுமார் 10க்கு 15 செ.மீ.), சுற்றிலும் 1 செ.மீ. ஓரம் விட்டால் 9 அல்லது 10 வரி வரும். வரிக்கு 4, 5 சொல் என்று மொத்தம் 40 முதல் 50 சொல். மேலே உள்ள திருவாரூர்க் குறிப்பு அதில் சரியாக உட்காரும்.

ஸ்கிராப்புக்கின் வழக்கமான பக்கம் 12க்கு 12 அங்குலம். 4க்கு 6 படங்கள் ஓரமே விடாமல் அடுக்கினால் ஆறு கொள்ளும். மூன்று படம், ஒரு எழுத்து அட்டை என்று வைத்தால் மூச்சுவிட இடமிருக்கும். ஏ4 பக்கத்தில் இரண்டு 4க்கு 6 படத்தைப் படுக்கவாட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால், கீழே 15க்கு 7 செ.மீ. அட்டைக்கு இடம் மிஞ்சும். அது 30 சொல் பிடிக்கும். சொல்ல நிறைய இருந்தால் படத்தைக் குறையுங்கள், எழுத்தைப் பொடியாக்காதீர்கள். இதைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேருக்கு வெள்ளெழுத்து.

பக்கத்தில் நேராக எழுதாமல் தனி அட்டையில் எழுதி ஒட்டுவதுதான் புத்திசாலித்தனம். பிழை வந்தால் அட்டை மட்டும் போகும், பக்கம் போகாது. முதலில் வெறும் தாளில் எழுதி, சொற்களை எண்ணி, அதற்கேற்ப அட்டையை வெட்டுங்கள். பசை போடாமல் எல்லாவற்றையும் பக்கத்தில் அடுக்கிப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2ஹெச் பென்சிலால் மெல்லக் கோடு போட்டு எழுதி, மை நன்றாகக் காய்ந்த பிறகு (வழவழப்பான அட்டையென்றால் கால் மணி நேரமாவது) கோட்டை அழியுங்கள். உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும். சென்னை வியர்வைக்குப் புதிதாக எழுதிய வரி தாங்காது.

பேனா

மேசையில் கிடக்கும் பால்பாயின்ட் பேனாவை எடுத்துவிட வேண்டாம். அதன் மை சாயம் கலந்த எண்ணெய். நாளாக ஆக மங்கும், சில தாள்களில் எழுத்தைச் சுற்றிப் பரவும். அழுத்தி எழுதுவதால் பின்பக்கம் இருக்கும் படத்தில் தடமும் விழும். ஃபவுன்டன் பேனாவில் போடும் சாதாரண ராயல் ப்ளூ மை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். பர்மனென்ட் மார்க்கர் என்ற பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அது தாளை ஊடுருவி மறுபக்கம் வரும்.

வேண்டியது நிறமி மை. சாயம் தாளின் இழைக்குள் கரைந்து ஊறும். நிறமி என்பது மிக நுண்ணிய துகள், கரையாமல் தாள்மேல் படிந்து நிற்கும். அதனால்தான் வெளிச்சத்தையும் தண்ணீரையும் தாங்குகிறது. சகுரா பிக்மா மைக்ரான், யூனி பின், ஃபேபர் காஸ்டெல் பிட் ஆர்ட்டிஸ்ட் பேனா எல்லாம் இந்த வகை. மைக்ரானில் 03 என்பது 0.35 மி.மீ. கோடு, 05 என்பது 0.45 மி.மீ. கோடு. அட்டையில் எழுத 05, படத்துக்கடியில் ஒரு வரி எழுத 03. அதைவிடத் தடித்த முனையில் எழுதினால் ண, ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் அடைபட்டு, புள்ளியும் சுழியும் ஒன்றாகிவிடும். முனை நார் போன்றது என்பதால் அழுத்தினால் உள்ளே போய்விடும். பேனாவைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, எழுத்தைத் தடவுவதுபோல எழுத வேண்டும்.

பழைய கறுப்புத்தாள் ஆல்பத்தில் எழுத வெள்ளை ஜெல் பேனா. சகுரா ஜெல்லி ரோல் நிறமி மைதான். மெதுவாகக் காயும், அவசரப்பட்டுப் பக்கத்தை மூடினால் எதிர்ப்பக்கத்திலும் உங்கள் கையெழுத்து இருக்கும், கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி.

பிள்ளைகள் வைத்திருக்கும் 'அழிக்கும் ஜெல் பேனா' கண்டிப்பாகக் கூடாது. அது அழிவது உராய்வின் சூட்டால். சுமார் 60 டிகிரி செல்சியஸில் மை நிறமிழந்துவிடும். லேமினேஷன் இயந்திரத்தில் போட்டாலோ, மே மாத வெயிலில் பூட்டிய காரில் விட்டாலோ எழுதியதெல்லாம் வெற்றுத் தாளாகிவிடும். பிள்ளைகளே ஆல்பத்தில் எழுதட்டும், நல்லதுதான். பேனாவை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.

கையிலிருக்கும் பேனா எந்த வகை என்று தெரியாவிட்டால் இரண்டு சீட்டில் எழுதுங்கள். ஒன்றை ஒருநாள் காயவிட்டுத் தண்ணீர்ச் சொட்டு வைத்து, ஒரு நிமிடம் கழித்து ஒற்றியெடுங்கள். இன்னொன்றில் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டிவையுங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்தப் பேனா மளிகைக் கணக்குக்கு.

காகிதம்

பள்ளிக்கூடச் சார்ட் பேப்பர் மலிவு, நிறம் நிறமாகக் கிடைக்கும். அதன் சாயம் வெளுக்கும், ஈரம் பட்டால் பக்கத்தில் இருப்பதில் ஏறும். அமிலமும் மரக்கூழின் லிக்னினும் நீக்கிய தாள் என்று உறையில் குறிப்பிட்டிருப்பதை வாங்குவதே நல்லது. செய்தித்தாள் ஏன் பழுப்பாகிறது என்று பார்த்திருக்கிறோமே, அது லிக்னினின் வேலை. 'ஃபோட்டோ ஆக்டிவிட்டி டெஸ்ட்' (ஐஎஸ்ஓ 18916) தேறியது என்று போட்டிருந்தால் இன்னும் நிம்மதி. தாளோ பசையோ படத்தைக் கெடுக்குமா என்று பார்ப்பதற்கென்றே உள்ள சோதனை அது. தாளின் கனம் (ஜிஎஸ்எம், ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்) பக்கத்துக்கு 220க்குக் குறையாமல், எழுத்து அட்டைக்கு 160 முதல் 200 வரை.

சென்னையில் பாரிமுனை ஆண்டர்சன் தெரு போன்ற காகிதக் கடைத் தெருக்களில் பெரிய தாளாக வாங்கி வெட்டிக்கொள்வது மலிவு. அளவைப் பார்த்து வாங்குங்கள். 23க்கு 36 அங்குலத் தாளில் 12க்கு 12 பக்கம் மூன்றுதான் வரும். 25க்கு 36 தாளில் ஆறு வரும். இரண்டே அங்குலத்தில் இரட்டிப்பு.

பளபளப்புப் பூச்சுள்ள அட்டை, மினுக்குத்தூள் அட்டை இரண்டிலும் எழுத வேண்டாம். மை ஊறாமல் மேலேயே நின்று, விரல் பட்டதும் இழுபடும்.

அச்சடிக்கிறீர்களென்றால்

கையெழுத்து அழகாக இல்லை என்று கூச்சப்பட்டு அச்சடிப்பவர்கள் உண்டு. கோணல்மாணலான கையெழுத்தும் அந்த மனிதரின் அடையாளம்தான் என்பது என் கட்சி. ஆனாலும் நீளமான குறிப்புக்கு, அதாவது 100 சொல்லுக்கு மேல் போனால், அச்சே வசதி. லேசர் பிரிண்டரின் டோனர் தாள்மேல் உருகி ஒட்டும், தண்ணீருக்குக் கரையாது. வீட்டு இங்க்ஜெட்டில் சாய மையும் உண்டு, நிறமி மையும் உண்டு. தண்ணீர்ச் சொட்டுச் சோதனையை அதற்கும் செய்துபாருங்கள்.

நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், கேடமரன் போன்ற யூனிகோட் எழுத்துருக்களில் 12 அல்லது 13 பாயின்ட் அளவு, வரி இடைவெளி ஒன்றரை. ஜெராக்ஸ் கடைக்கு வேர்டு கோப்பைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே உங்கள் எழுத்துரு இருக்காது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளிவட்டம் என்று வந்து நிற்கும். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனால் இந்த வம்பில்லை. ஃபோட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறினால், எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தளவமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

குரல்பதிவுக்கு க்யூஆர் கோடு ஒட்டுவது இப்போது பரவலாகிறது. ஒட்டலாம், ஆனால் அந்த இணைப்பு எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். பேச்சின் முக்கியமான பகுதியைப் பக்கத்தில் எழுத்தாகவும் வைத்துவிடுங்கள்.

ஒட்டுவதும் ஒட்டாததும்

எழுத்து அட்டையை ஒட்ட, அமிலமற்றது என்று குறிப்பிட்ட டபுள்சைடு டேப்போ பசைக்குச்சியோ போதும். தண்ணீர்ப்பதமான வெள்ளைப் பசை அட்டையை நெளியவைக்கும். மைதாப் பசையோ சோற்றுப் பசையோ வேண்டவே வேண்டாம், ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்ததுபோல. செல்லோடேப் சில வருடத்தில் மஞ்சளாகி உதிர்ந்து, கறையை மட்டும் விட்டுப்போகும். மூலப் படங்களை ஒட்டவே கூடாது. பழைய ஆல்பங்களில் இருந்ததுபோல நான்கு மூலைக்கும் கார்னர் வைத்துச் செருகுங்கள். பின்புறத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கும் எழுத்தைப் பார்க்கவும் அதுதான் வழி.

படத்தின் பின்னால் நீங்களும் எழுதலாம். சுத்தமான, கெட்டியான பரப்பில் படத்தைக் குப்புற வைத்து, ஓரமாக, மென்மையான 4பி அல்லது 6பி பென்சிலால் அழுத்தாமல் பெயரும் வருடமும் மட்டும். பிளாஸ்டிக் பூச்சுள்ள பிற்காலத்து பிரிண்ட்களில் பென்சில் பிடிக்காது. அவற்றில் நிறமி மையால் எழுதி, முழுதாகக் காயும்வரை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த படத்தின் முகத்தில் பதியும்.

மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையைப் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வெறுமனே ஒட்டினால், அந்த மஞ்சள் படத்தில் ஏறும். குங்குமமும் அப்படித்தான். பத்திரிகையை ஸ்கேன் செய்து அச்சை ஒட்டுங்கள், அல்லது பாலியெஸ்டர் உறைக்குள் வையுங்கள். பிவிசி உறை கூடாது. பாலிப்ராப்பிலீன், பாலியெஸ்டர் இரண்டும் சரி. பஸ் டிக்கெட், ஓட்டல் பில், பிரசவ ஆஸ்பத்திரி ரசீது போன்றவை தெர்மல் தாளில் இருந்தால் தானாகவே வெளுத்துவிடும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டும். செய்தித்தாள் துணுக்குக்கும் ஜெராக்ஸ்தான். பாட்டி கைப்பட எழுதிய ஊறுகாய்க் குறிப்பு, இன்லாண்டு கடிதம் போன்றவற்றின் நகலைப் பக்கத்தில் வைத்து, மூலத்தைத் தனி உறையில் பத்திரப்படுத்துங்கள்.

ஒட்டும் கோடுகளும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள பழைய 'மேக்னடிக்' ஆல்பத்தில் புதிதாக எதையும் எழுதிச் சேர்க்காமல், படங்களை வெளியே எடுப்பதே முதல் வேலை. அந்தப் பசை மஞ்சளாகி இறுகிக்கொண்டே போகும். தொடுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே படமெடுத்துவிடுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். பிறகு, மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே கொடுத்து ரம்பம்போல மெல்ல இழுக்க வேண்டும். மூலையைப் பிடித்துத் தூக்கினால் படம் மடிந்து மேற்பூச்சு வெடிக்கும். வராத படத்தை விட்டுவிட்டு, பக்கத்தோடு சேர்த்து வெட்டிவைப்பது மேல்.

எல்லாரும் படிக்க வேண்டாத விஷயங்களும் குடும்பத்தில் உண்டு. கடன், பிரிவு, நோய் என்று ஆல்பத்தைப் புரட்டும் விருந்தாளிக்குச் சம்பந்தமில்லாதவை. ஆனால் பின்னால் வருகிறவர்களுக்கு அவை தெரிய வேண்டியிருக்கும். அட்டையின் மூன்று ஓரத்தை மட்டும் ஒட்டினால் பின்னால் ஒரு பை உருவாகிவிடும். மடித்த தாளை அதில் செருகலாம். சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருந்தால் அவரைக் கேட்காமல் எழுதக் கூடாது. 'எழுதாதே' என்று அவர் சொன்னால் எழுதக் கூடாதுதான்.

ஒவ்வொரு அட்டையின் கீழும் எழுதியவர் பெயரும் எழுதிய மாதம், வருடமும் சின்னதாக இருக்கட்டும். பிறகு யாராவது திருத்தம் சொன்னால் ஒயிட்னர் பூசி மறைக்காமல், பழையதன்மேல் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதி, சொன்னவர் பெயரைக் குறிக்கவும். கல்யாண வருடம் குறித்து அத்தையும் சித்தப்பாவும் ஆளுக்கொன்று சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். முடிந்த பக்கத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கோப்புப் பெயரில் வருடத்தை முதலில் போட்டு (1967-பொங்கல்-திருவாரூர்-01 என்பதுபோல), இரண்டு வீடுகளில் பிரதி வையுங்கள். ஆல்பத்தைச் சுவரோரப் பரணில் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் முதலில் ஏறுவது அங்கேதான்.